அடுப்படி கேள்வி – பதில்: ஸ்டஃபிங் உப்புமா ஆகாமல் இருக்க

நவம்பர் மாதத்து நான்காவது வியாழன், அதாவது அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, நெருங்கிவிட்டால் சாம்பார், ரசம் பற்றிய கேள்விகள் நின்றுவிடும். வான்கோழி, பூசணி பை, ஸ்டஃபிங் என்று வர ஆரம்பிக்கும். இந்த முறை ஸ்டஃபிங், அதாவது பிரட் துண்டுகளில் வெங்காயமும் வாசனை இலைகளும் சேர்த்துச் சுடும் பண்டம் பற்றிய கடிதங்களே அதிகம் என்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் ரொம்ப காலம் வேலை பார்த்தவள் நான். நவம்பரில் அங்கே தட்டுத் தட்டாக ஸ்டஃபிங் போகும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கே: அக்கா, என் கணவரோடு வேலை பார்ப்பவர் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகும் விருந்து. எனக்கு ஒதுக்கியது ஹெர்ப் ஸ்டஃபிங். ஒத்திகை பார்க்கலாம் என்று பிரட்டைப் பிய்த்துப் போட்டு, வெங்காயம் வதக்கி, சிக்கன் பிராத் (வேகவைத்து வடித்த சாறு) ஊற்றி ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தால், "பிரட் உப்புமா கொழஞ்சு போச்சும்மா" என்கிறான் என் பையன். எங்கே தப்பு? அளவோடு சொல்லுங்கள்.
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

ப: பையனுக்கு நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. பிரட் உப்புமாவுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், அதனால் புது பிரட்டே தாங்கும். ஸ்டஃபிங்குக்கு ஒரு பவுண்டு பிரட்டுக்கு இரண்டரை கப் வரை பிராத் ஊற்றுகிறோம். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பிரட் அத்தனையையும் எங்கே குடிக்கும்? வெளிப்பக்கம் ஊறிக் கூழாகிவிடும், உள்ளே சுவை போகாது. தப்பு பிராத்தில் இல்லை, பிரட்டில்.

"பழைய பிரட் எடுத்துக்கொள்ளவும்" என்று பல குறிப்புகளில் போட்டிருப்பார்கள். அதை நம்பி இரண்டு நாள் பையிலேயே வைத்திருப்பது வீண். பழசான பிரட் விறைப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்து இறுகிப்போவதுதான். ஈரம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதனால்தான் சூடு பண்ணினால் மறுபடி மெத்தென்று ஆகிறது. நமக்கு வேண்டியது காய்ந்த பிரட். அதை ஓவனில்தான் காய வைக்க வேண்டும்.

ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம், கெட்டியான வெள்ளை பிரட் வாங்குங்கள். கடையின் பேக்கரி பக்கத்தில் முழு ரொட்டியாக விற்கும் இத்தாலியன் லோஃப் நல்லது. பஞ்சு மாதிரி சாண்ட்விச் பிரட்டும் ஆகும், ஆனால் இன்னும் பொறுமையாகக் காய வைக்க வேண்டும். புளிப்புள்ள சவர்டோ எனக்கு இதில் பிடிக்காது. மேல் ஓட்டை நீக்க வேண்டாம். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு தட்டுகளில் பரப்பி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 50 நிமிடம் வையுங்கள். இடையில் இரண்டு முறை கிளறுங்கள். நிறம் மாற வேண்டியதில்லை. ஒரு துண்டை எடுத்து உடைத்தால் ரஸ்க் மாதிரி படக்கென்று உடைய வேண்டும், நடுவில் மெத்தென்று இருக்கக் கூடாது. இதற்கு அவசரப்பட்டால் மேற்கொண்டு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை.

அப்புறம் ஒரு ஸ்டிக் வெண்ணெய், 113 கிராம். ஆமாம், முழுசாக ஒரு ஸ்டிக்தான், கையை இழுக்காதீர்கள். அதை உருக்கி, பெரிய வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு நான்கு, பொடியாக நறுக்கிப் போட்டு மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். நாம் குழம்புக்கு வதக்குவது போல வெங்காயம் சிவக்க வேண்டாம், கண்ணாடி போல ஆனால் போதும். செலரி வாசனை பிடிக்காது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வெந்த பிறகு பச்சை வாடை அடங்கிவிடும், அது இல்லாவிட்டால் ஸ்டஃபிங் மொட்டையாக இருக்கும்.

அடுத்தது இலைகள். பொடியாக நறுக்கிய பச்சை சேஜ் 2 மேசைக்கரண்டி, தைம் 1 மேசைக்கரண்டி, ரோஸ்மேரி 1 தேக்கரண்டி. ரோஸ்மேரியில் மட்டும் தாராளம் காட்டினால் சோப்பு வாடை அடிக்கும். மூன்றையும் வெங்காயத்தோடு சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டிவிட்டு இறக்குங்கள். வெண்ணெயின் சூட்டில்தான் சேஜின் வாசனை வெளியே வரும், பிராத்தில் நேராகப் போட்டால் பாதிதான் கிடைக்கும். காய்ந்த இலை என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். அரை கப் பார்ஸ்லியை மட்டும் வதக்காமல் கடைசியில் கலக்க வேண்டும்.

பெரிய பாத்திரத்தில் பிரட்டைப் போட்டு, வதக்கியதைக் கொட்டி, மிளகு கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள். இரண்டு முட்டையை இரண்டு கப் பிராத்தில் அடித்து ஊற்றிக் கிளறிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மீதி அரை கப் கையில் இருக்கட்டும். ஒரு துண்டைக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் இன்னும் கரகரத்தால் அந்த அரை கப்பையும் ஊற்றலாம், இல்லாவிட்டால் வேண்டாம். பாத்திரத்தின் அடியில் பிராத் தேங்கி நிற்கக் கூடாது. உப்பு குறைந்த பிராத் வாங்கினால் உப்பு உங்கள் கையில் இருக்கும். இல்லையென்றால் வெண்ணெய், பிரட், பிராத் மூன்றும் சேர்ந்து கடலில் தள்ளிவிடும்.

வெண்ணெய் தடவிய 9க்கு 13 அங்குலத் தட்டில் அழுத்தாமல் பரப்பி, ஃபாயிலால் மூடி 350 டிகிரியில் 30 நிமிடம். பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு இன்னும் 15 முதல் 20 நிமிடம். மேல் பக்கம் மொறுமொறுவென்றும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும். நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 165 டிகிரி காட்ட வேண்டும். எட்டுப் பத்துப் பேருக்குத் தாராளமாக வரும்.

கே: ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். முட்டைகூடத் தொட மாட்டார். அவருக்கும் ஒரு தட்டு செய்ய முடியுமா?
– வாசகி, ஆஸ்டின், டெக்சாஸ்

ப: தாராளமாக. முட்டை துண்டுகளைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அது இல்லாமல் செய்தால் ஸ்டஃபிங் கொஞ்சம் உதிரியாக இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும். பிராத்தை மட்டும் கால் கப் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் காய்கறி பிராத் பெரும்பாலும் கேரட் வாடை அடிக்கும் வெந்நீர்தான். ஒரு கைப்பிடி காய்ந்த ஷிட்டாகே காளானை மூன்று கப் கொதிநீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள். கறி போட்டோமா என்று நீங்களே சந்தேகப்படுவீர்கள். மாமியார் காளானும் சாப்பிடாதவர் என்றால் வெங்காயத் தாள், செலரி இலை, பார்ஸ்லிக் காம்பு, நான்கு மிளகு போட்டு வீட்டிலேயே முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டிக்கொள்ளலாம்.

பிரட் வாங்கும்போது கவனம். சல்லா, பிரியோஷ் இரண்டிலும் முட்டை உண்டு. கடையில் பெட்டியில் விற்கும் ரெடிமேட் ஸ்டஃபிங்கில் சிக்கன் சேர்ந்திருக்கலாம், பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். இணையக் குறிப்பு எதிலாவது வூஸ்டர்ஷைர் சாஸ் என்று இருந்தால் அதில் நெத்திலி மாதிரி மீன் உண்டு. வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நெய்யின் மணம் சேஜை அமுக்கிவிடும்.

கே: எங்கள் வீட்டுத் தொட்டியில் கற்பூரவள்ளி காடாக வளர்ந்து கிடக்கிறது. சேஜுக்குப் பதில் அதைப் போட்டால் என்ன? இரண்டும் தொட்டுப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது.
– வாசகர், ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா

ப: தொட்டுப் பார்க்காதீர்கள் ஐயா, முகர்ந்து பாருங்கள். துளசி, புதினா, சேஜ், தைம், ரோஸ்மேரி, கற்பூரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் கற்பூரவள்ளி வாசனையில் ஆரிகனோவுக்கும் நம் ஓமத்துக்கும் பக்கத்தில் நிற்கிறது. சேஜ் வேறு ஜாதி. லேசான கற்பூர வாடை, கொஞ்சம் கசப்பு, வெண்ணெயில் பட்டதும் ஒரு கொழுத்த மணம். இந்த ஊர்க்காரர்கள் பண்டிகை வாசனை என்று சொல்வது அதைத்தான். கற்பூரவள்ளி போட்டால் வீடு முழுக்க சளிக் கஷாயம் வாசம் வரும்.

தைம் கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. தைமிலும் ஓமத்திலும் தைமால் என்ற ஒரே எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. கால் தேக்கரண்டி ஓமத்தைக் கசக்கி வெண்ணெயில் போட்டால் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஓமப்பொடி ஆகிவிடும். கறிவேப்பிலை, கரம் மசாலா பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் உங்களுக்காகச் செய்யும்போது எதை வேண்டுமானாலும் போடுங்கள். இன்னொருவர் வீட்டு மேஜைக்கு எடுத்துப் போகும்போது அவர்கள் எதிர்பார்க்கும் ருசியில் கொண்டுபோவதுதான் மரியாதை. காரம் இல்லாமல் உங்களுக்கு இறங்காது என்றால் பச்சை மிளகாய் ஒன்றை வெங்காயத்தோடு வதக்கிக்கொள்ளுங்கள். சேஜ் கோபித்துக்கொள்ளாது.

பச்சை இலை எதுவும் அகப்படாதவர்களுக்கு, மஞ்சள் பெட்டியில் வான்கோழிப் படத்தோடு பெல்ஸ் சீசனிங் என்று ஒன்று உண்டு. பாஸ்டனில் 1867 முதல் இருக்கிறது. ரோஸ்மேரி, ஆரிகனோ, சேஜ், இஞ்சி, மார்ஜோரம், மிளகு எல்லாம் பொடித்தது. உப்பு இல்லை. எங்கள் கேன்டீன் தலைமைச் சமையல்கார அம்மாளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் ஆகாது. ஒரு பவுண்டு பிரட்டுக்கு 2 தேக்கரண்டி போதும்.

கே: ஸ்டஃபிங் என்றால் வான்கோழி வயிற்றுக்குள் அடைப்பதுதானே? நீங்கள் தட்டில் வைக்கச் சொல்கிறீர்களே. 14 பவுண்டு ஹலால் வான்கோழி வாங்கியிருக்கிறேன்.
– வாசகி, ஹூஸ்டன்

ப: உள்ளே அடைப்பதுதான் பழைய வழக்கம். தெற்கே பலர் அதைத் தட்டில் வைத்துச் சுட்டு டிரெஸ்ஸிங் என்பார்கள், சோள ரொட்டியில் செய்வார்கள். உங்கள் டெக்சாஸிலும் அப்படிப் பார்த்திருப்பீர்கள். நான் தட்டுக் கட்சி. காரணம் ருசி இல்லை, சூடு.

வயிற்றுக்குள் வைத்த பிரட், பச்சைக் கறியிலிருந்து ஒழுகும் சாற்றை எல்லாம் குடிக்கும். ஆகவே கறியைப் போலவே அதன் நடுப்பகுதியும் 165 டிகிரிக்கு வந்தாக வேண்டும். வெளியிலிருந்து உள்ளே சூடு போவதால் கடைசியாக வேகும் இடம் அதுதான். அது வேகும் வரை காத்திருந்தால் நெஞ்சுக் கறி நார் நாராக வறண்டுவிடும். கறி பதமாக இருக்கும்போது எடுத்தால் ஸ்டஃபிங் வேகாது, யாருக்காவது வயிறு கெடும்.

உள்ளேதான் வைப்பேன் என்றால், அடைத்து வைத்துவிட்டு மறுநாள் சுடும் வேலை மட்டும் கூடவே கூடாது. ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்பு, சூடான ஈரமான கலவையை, பவுண்டுக்கு முக்கால் கப்புக்கு மேல் போகாமல் தளர்வாக வையுங்கள். 14 பவுண்டுக்குப் பத்தரை கப். வெந்ததும் 20 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு வெளியே எடுங்கள். தட்டில் செய்தால் வான்கோழி ருசி வராதே என்று கவலையா? வான்கோழி இறக்கை இரண்டைத் தனியாக வாங்கிச் சிவக்க வறுத்து, ஸ்டஃபிங் மேலே வைத்து மூடிச் சுடுங்கள். கொழுப்பு எல்லாம் கீழே இறங்கும்.

கே: பெட்டி வாங்கி ஐந்து நிமிடத்தில் முடிக்காமல் எதற்கு இத்தனை பாடு?
– பெயர் போடாத வாசகர்

ப: பெட்டி ஒன்றும் கேவலமில்லை. ஸ்டோவ் டாப் என்ற பெட்டி ஸ்டஃபிங் 1972இல் கடைக்கு வந்தது. ஜெனரல் ஃபூட்ஸ் நிறுவனத்தில் ரூத் சீம்ஸ் என்ற பெண்மணி கூட்டாளிகளோடு சேர்ந்து பிரட் துண்டு எந்த அளவில் இருந்தால் வெந்நீரில் குழையாமல் ஊறும் என்று கண்டுபிடித்தார், 1975இல் காப்புரிமையும் கிடைத்தது. அவர் மெனக்கெட்டதும் நான் மேலே சொன்ன அதே சங்கதிக்குத்தான். அந்தப் பெட்டியில் மொறுமொறு மேல்பக்கம் மட்டும் கிடைக்காது. அது வேண்டாதவர் பெட்டியே வாங்கலாம்.

கே: நாங்கள் ஒக்டோபரிலேயே தாங்க்ஸ்கிவிங் முடித்துவிட்டோம். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) செய்யலாம் என்று யோசனை. இங்கே தமிழ் பேக்கரியில் வாங்கும் றோஸ் பாண் (இலங்கை ரொட்டி) சரிவருமா அக்கா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

ப: மிக நன்றாக வரும். மேலே முறுகல், உள்ளே கெட்டி, இதற்கென்றே செய்தது போல் இருக்கும். சூடாக வாங்கிய அன்றே வெட்டாமல் மறுநாள் வெட்டினால் துண்டு பிசுபிசுக்காமல் வரும். பிறகு அதே 275 டிகிரி. உங்கள் ஓவன் செல்சியஸ் என்றால் 135. சுடுவதற்கு 175.

கே: முதல் நாளே செய்து வைக்கலாமா? மிஞ்சினால் என்ன செய்வது?
– வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

ப: பிரட்டை இரண்டு மூன்று நாள் முன்பே காய வைத்து, ஆறியதும் மூடி வைக்கலாம். வெங்காயம், செலரி, இலைகள் வதக்கியதை முதல் நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம். இரண்டையும் கலந்து பிராத் ஊற்றுவது மட்டும் அன்றைக்குத்தான்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மறுநாள் காலை ஒரு முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, வடை கனத்தில் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நிதானமாக, உள்ளே நன்றாகச் சூடேறும் வரை சிவக்க விடுவேன். கிரான்பெர்ரி சாஸில் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளும் கடுகு தாளித்ததும் சேர்த்தால் தொட்டுக்கொள்ள ஆச்சு. உண்மையைச் சொன்னால் இதற்காகவே ஒரு தட்டு அதிகம் செய்கிறேன்.

கே: செய்தாகிவிட்டது. முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். ஆறிப்போகாதா?
– அதே எடிசன் வாசகி

ப: ஐஸ் பெட்டி குளிருக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும்தான். வெந்நீரை அதில் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டுங்கள். தட்டை ஓவனிலிருந்து எடுத்ததும் ஃபாயில் போட்டு, இரண்டு தடித்த துண்டால் சுற்றி உள்ளே வைத்துவிட்டால் அந்தத் தூரம் தாங்கும். போனதும் அவர்கள் ஓவனில் மூடாமல் பத்து நிமிடம் வைக்க இடம் கேளுங்கள், மேல்பக்கத்து மொறுமொறுப்பு திரும்பிவிடும். பரிமாறும் கரண்டியை நீங்களே எடுத்துப் போங்கள். பாட்லக் வீட்டில் அது எப்போதும் பற்றாக்குறை.