புது மெஷினா, பெரிய டிராலியா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஷாப். ஒரு சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), பீஸுக்கு 50 விநாடி. அடுத்து ஒரு விஎம்சி (துளையிட்டுச் செதுக்கும் கணினி மெஷின்), 62 விநாடி. நடுவே 10 பீஸ் பிடிக்கும் டிராலி. 450 நிமிட ஷிஃப்டில் 400 பீஸ் வேண்டும், 330 தாண்டுவதில்லை. இன்னொரு விஎம்சி வாங்குவதா, டிஜிட்டல் ட்வின் (ஓடும் மெஷின்களின் கணினிப் பிரதி) போடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். விஎம்சி நிற்காமல் ஓடினால் 435 பீஸ் வரும். 330தான் வருகிறதென்றால் ஷிஃப்டுக்குச் சுமார் 108 நிமிடம் எங்கோ போகிறது. அது தெரியாமல் வாங்கும் மெஷினும் சேர்ந்து சும்மா நிற்கும்.

இரண்டு வாரம் ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறியுங்கள்: எந்த மெஷின், எப்போது, எத்தனை நிமிடம். விஎம்சி பழுதாகி நின்றதா, பீஸ் வராமல் நின்றதா என்பதைப் பிரித்து எழுத வேண்டும்.

'லேத் சராசரியாக 80 நிமிடம் நிற்கிறது' என்ற கணக்கு உதவாது. மணிக்கு ஒரு தடவை 10 நிமிடம் நின்றால், நிறைந்த டிராலி அதைத் தாங்கிவிடும். விஎம்சி எடுத்துக்கொண்டே இருந்தாலும் டிராலி மறுபடி நிரம்ப 43 நிமிடம் போதும். ஒரே மூச்சில் 80 நிமிடம் நின்றாலோ டிராலி பத்தே நிமிடத்தில் காலி, விஎம்சிக்கு 70 நிமிடம் வேலை இல்லை. 68 பீஸ் போச்சு. எக்செல் சராசரியில் இரண்டும் ஒன்றுதான்; சிமுலேஷனில், அதாவது ஷிஃப்டைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால்தான், வித்தியாசம் தெரியும்.

அதற்கான மென்பொருள்களில் சிம்பை, ஜாம்சிம் இரண்டும் இலவசம். நிறுத்தங்களைச் சராசரியாக்காமல் எழுதியபடியே கொடுங்கள். காலையில் டிராலியில் கிடக்கும் நேற்றைய பீஸ்களையும் சேருங்கள். பலர் விடுவது இதைத்தான். முதலில் இன்றைய நிலை ஓடட்டும். 330-க்கு 5 சதவீதத்துக்குள் வராத மாடலிடம் வேறெதுவும் கேட்காதீர்கள். வந்தபின் 10 பீஸ் டிராலிக்குப் பதில் 80 பீஸ் டிராலி போட்டு, ரேண்டம் சீடை (நிறுத்தங்களைக் குலுக்கிப்போடும் தொடக்க எண்) மாற்றி 20 தடவை ஓட்டிப் பாருங்கள்; ஒரு ஓட்டத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பெரிய டிராலிக்கும் வில்லங்கம் உண்டு. காலியானால் மறுபடி நிரம்பக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் லேத் மறுபடி நின்றால் பழைய கதைதான். லேத்தை மட்டும் ஒரு மணி நேரம் ஓவர்டைம் ஓட்டினால் 72 பீஸ் சேரும். டூல் தேய்ந்தது தெரியாமல் போனால் 80 பீஸும் ரிஜெக்ட், அதனால் செக்கிங் டிராலிக்கு முன்னாலேயே இருக்கட்டும்.

ட்வினுக்கு மெஷினிலிருந்து நேரடி சிக்னல் வேண்டும். ஷிஃப்ட் முடிவில் நோட்டைப் பார்த்து ஏற்றும் எண்ணுக்கு அந்தச் செலவு வீண். விற்க வருபவரிடம் உங்கள் இரண்டு வாரப் பதிவைக் கொடுத்து, முதலில் அந்த 330-ஐ வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.