ஆண் கடல், பெண் கடல், நடுவில் ஒரு கயாக்

போன இதழில் நான் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை, பரமக்குடியில் கணக்கு டீச்சர். 43 வயதில் மண்டபம் பக்கத்துக் கடலில் துடுப்பைப் பிடித்தேன், இப்போது 52. என் பதில்கள் எல்லாம் அந்த ஒரு கடலைப் பற்றியவைதான். சென்னை, புதுச்சேரிப் பக்கம் அலை உடைகிற விதமே வேறு. அந்தப் பக்கத்து வாசகர்கள் அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

திண்டுக்கல் வாசகி: எனக்கு 46 வயது. கிணற்றில் நீச்சல் கற்றவள். கோடை விடுமுறையில் வந்து கடல் கயாக் கற்றுக்கொள்ளலாமா?

கிணறு நல்ல பள்ளிக்கூடம். ஆழத்தைக் கண்டு பயப்படாமல் இருக்க அது கற்றுத் தந்துவிடுகிறது. மற்றதை லைஃப் ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். பிரச்சினை உங்கள் நீச்சலில் இல்லை, விடுமுறையில் இருக்கிறது. எனக்கும் மே மாதம்தான் லீவு. ஆனால் கடலுக்கு நம் பள்ளி நாள்காட்டி தெரியாதே!

இந்த ஊர் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். மண்டபம் ஒரு விரல்போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல். (இந்தப் பெயர் வைத்தவர் வாடைக் காலத்துப் பெண் கடலைப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.) காற்றுக்கும் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். பள்ளிப் பாடத்தில் தென்மேற்குப் பருவக்காற்று என்று ஒற்றை வரியில் சொல்லிப் போவதை, கடலில் இருப்பவர்கள் சோளகமா கச்சானா என்று பிரித்துத்தான் பேசுவார்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தெற்கே ஆண் கடல் பொங்கும், வடக்கே பெண் கடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசியில் கொஞ்சம் தடுமாறி, கார்த்திகை, மார்கழியில் அப்படியே தலைகீழாகும். கரை மாறினால் பருவமே மாறிவிட்டதுபோல இருக்கும். நடுவில், வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் பிடிக்காத ஒரு சின்ன இடைவெளி வரும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை தொடக்கம் வரை இரண்டு கடலும் நல்ல பிள்ளைகளாக இருக்கும். அப்போது வாருங்கள். காலை ஆறரைக்கு இறங்கி ஒன்பதரைக்குள் கரையேறிவிடுங்கள். பத்து மணிக்குமேல் வெயிலும் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

விடுமுறையில் மட்டும்தான் வர முடியும் என்றால், மே முதல் வாரத்துக்குள் வாருங்கள். அடுத்த கேள்வியின் பதிலையும் படித்துவிட்டு வாருங்கள்.

திருச்சி வாசகர்: ஆனி மாதம் குடும்பத்தோடு அரியமான் கடற்கரைக்குப் போனோம். கடல் குளம் மாதிரி கிடந்தது. ஆனால் படகு கொடுத்தவர் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மணிக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது நியாயமா?

அவர் உங்கள் குடும்பத்துக்கே நல்லது செய்திருக்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இருந்தும் நான் கேட்கவில்லை.

கற்க ஆரம்பித்த முதல் வருடம், அதே ஆனி மாதம், அரியமானுக்குக் கொஞ்சம் கிழக்கே. தண்ணீரில் சுருக்கமே இல்லை, அடியில் கடற்புல் தெரிகிறது. மூன்று மாதப் பயிற்சி முடித்த திமிர் வேறு. தனியாக இறங்கிவிட்டேன். படகு அம்பு மாதிரி போயிற்று. கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் காட்டியது, அதாவது மணிக்கு ஏழரை. சாதாரணமாக என்னால் ஐந்தரைக்குமேல் போக முடியாது. கணக்கு டீச்சருக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பைத் திருப்பித் துடுப்புப் போடும் வித்தை கைவந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

திரும்பிக் கரையைப் பார்த்தபோதுதான் முகத்தில் காற்று அறைந்தது. அரை மணி நேரம் துடுப்புப் போட்டதில் வந்த தூரம் 700 மீட்டர். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினால் அந்த 700 மீட்டரிலும் ஒரு பங்கைக் காற்று பிடுங்கிக்கொள்கிறது. தோள்பட்டை எரிகிறது, தண்ணீர் பாட்டில் காலி. கடைசியில் நண்டு வலை எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு நாட்டுப் படகுக்காரர் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. கரை வந்ததும் ஒரே கேள்வி: "போறப்ப தொடுப்புப் போட்டது யாரு டீச்சர், நீங்களா, காத்தா?"

நடந்தது இதுதான். அந்தக் கரை வடக்கே பார்த்த கரை. சோளகமும் கச்சானும் நிலத்தின்மேல் வந்து கடலுக்குள் இறங்குகின்றன. அலை எழும்ப, காற்று தண்ணீரின்மேல் கொஞ்ச தூரமாவது ஓட வேண்டும். கரையோரத்தில் அந்த ஓட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. ஆகவே காற்று பலமாக அடிக்கிற நாளிலும் கரைக்குப் பக்கத்தில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக அலை வளரும். கரையில் நிற்பவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அலை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. கயாக்குக்கு இன்ஜின் கிடையாது. எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் புதிதாகக் கற்பவர் நின்ற இடத்திலேயே நிற்பதுதான் பெரிய சாதனை.

தெற்கிலும் இதே கதைதான். கார்த்திகையில் பாம்பன் தீவின் தென்கரையில், குந்துகால் பக்கம், ஆண் கடல் அமைதியாகத் தெரியும். அப்போது வாடை தீவின்மேல் வந்து அங்கே இறங்கும். எந்தப் பருவமானாலும் அழகாகப் படுத்திருக்கும் கடல் எதுவோ, அதுதான் நம்மை உள்ளே தள்ளும் கடல். குமுறிக்கொண்டிருக்கும் மறுபக்கம் கரைக்குத்தான் தள்ளும், ஆனால் அந்த அலையில் நமக்கு இறங்கத் தெரியாது. இது புரிய எனக்கு ஒரு முழு வருடமும் ஒரு கயிறும் தேவைப்பட்டன.

இப்போது என் பழக்கம் இது. காலடியில் இருக்கும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. முதலில் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன், கட்டியிருக்கும் படகுகளின் கொடியைப் பார்ப்பேன். அப்புறம் தொடுவானம். அந்தக் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தால் சரி, ரம்பப் பல்போல் தெரிந்தால் உள்ளே அலை எழும்பிவிட்டது. ஓலை கடல் பக்கம் சாய்ந்தால், கரையிலிருந்து நூறு மீட்டருக்குள், கரையை ஒட்டியே, அதுவும் காற்றை எதிர்த்துப் போகக்கூடிய பக்கமாக முதலில் போவேன். திரும்பும்போது காற்று உதவும். நல்லவேளையாகப் பெண் கடலில் வெகுதூரம் காலூன்றி நிற்கலாம். தள்ளிக்கொண்டு நடந்தாவது வந்துவிடலாம்.

கோவை கல்லூரி மாணவர்: தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குக் கயாக்கில் போக முடியுமா? 30 கிலோமீட்டர்தானே?

தூரம் சரி. போகாதீர்கள். நடுவில் இரு நாட்டுக் கடல் எல்லை இருக்கிறது, ரோந்துக் கப்பல்கள் இருக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்குப் போகிற மீனவர்களே அங்கே படும் பாட்டைத் தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

விருதுநகர் வாசகி: படகு கவிழ்ந்தால் என்ன செய்வது? இதை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. அப்புறம், உடை? சுடிதாரில் ஓட்டலாமா?

கவிழ்வதைக் கற்றுத் தராத இடத்தில் சேராதீர்கள். என் முதல் வகுப்பே கவிழ்வதுதான். மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக்கில் ஆரம்பியுங்கள். அதில் கால் உள்ளே மாட்டிக்கொள்ளாது. தண்ணீர் உள்ளே வந்தாலும் அடித்துளை வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்ததும் முதல் வேலை படகை விடாமல் பிடிப்பது. நீங்கள் மிதப்பீர்கள், ஆனால் காற்று படகைத் தனியாகக் கொண்டுபோய்விடும். பிறகு எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துங்கள். கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, சறுக்கியபடி குறுக்காக ஏறுங்கள். முதலில் வயிறு, அப்புறம் புரண்டு உட்காருமிடம், கடைசியில் கால். நான் முதல் நாள் பதினோரு தடவை விழுந்து இரண்டு தடவைதான் ஏறினேன். பன்னிரண்டாவது தடவை பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர்நாட்டுக்காரர்கள்போல விறைத்துப்போகும் கவலை நமக்கில்லை. நம் எதிரி வெயில்தான்.

துப்பட்டாவும் தொளதொள பேன்ட்டும் வேண்டாம், ஏறும்போது மாட்டும். முழுக்கை டீஷர்ட், லெகிங்ஸ், கழுத்தில் கட்டும் தொப்பி போதும். யார் என்ன சொல்வார்களோ என்று நானும் முதலில் கூசினேன். அப்போது கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தேன். சேலைமேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி. மூச்சைப் பிடித்துப் பாறைக்கு அடியில் போய்விட்டு வருகிறார்கள். அவர்கள் இருக்கிற கடலில் என் லெகிங்ஸைப் பற்றி யார் பேசுவது!

சிவகங்கை வாசகர்: மழைக்காலத்தில் பயிற்சியை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறினாலே எனக்கு அன்று லீவு. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொல்லும் நாளில் பொழுதுபோக்குக்காக இறங்குவது அவமரியாதை என்றே நினைக்கிறேன். மற்ற நாட்களில், மழை விட்ட காலையில், காரங்காடு போவேன். தொண்டிக்குத் தெற்கே உள்ள கடலோரக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை கயாக் விடுகிறது. வெளியே வாடை கத்தினாலும் மரங்களுக்கு நடுவே தண்ணீர் அசையாது. திருப்பங்கள் நிறைய, ஆகவே திருப்பும் வித்தையைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. பாம்பன் பாலத்துக்கு அடியில் கயாக்கில் போய்ப் படம் எடுக்கப் பலருக்கு ஆசை. அங்கே இரண்டு கடலும் ஒரு சந்து வழியாகத் தண்ணீர் மாற்றிக்கொள்கின்றன. சோளகக் காலத்தில் வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் தெற்கே ஓடும். நடுவில் பாறை. 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்தின் மேலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். அடுத்தது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் எதிலும் கால் வைக்கக்கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப் படகுகள் மட்டும்தான் கடலில். காற்று ஏறுகிற அதே மாதங்களில், கயிறு போட்டு இழுக்க வருகிற ஆட்களும் குறைவு. போனை நீர் புகாத உறையில் கழுத்தில் மாட்டுங்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

தேனி வாசகர்: சொந்தமாகக் கயாக் வாங்கிவிடலாமா?

ஒரு சோளகமும் ஒரு வாடையும் இரவல் படகில் கழியட்டும், பிறகு வாங்குங்கள். நான் அதை ஒழுங்காகச் செய்தேன். நாலரை மீட்டர்ப் படகு, மாடியில் வைக்கலாம் என்று திட்டம். எங்கள் மாடிப்படி நடுவில் ஒரு வளைவு இருப்பதை மட்டும் அளக்கவில்லை. படகு இன்றுவரை திண்ணையில்தான் கிடக்கிறது. மாமியார் அதற்குள் வத்தல் காயப் போடுகிறார்.