ஆஸ்பெஸ்டாஸ் இழப்பீடு: அந்த ஓ.பி. சீட்டு பத்திரம்

கேள்வி: அப்பா ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் கூரை ஆலையில் 22 வருடம் ஒப்பந்தத் தொழிலாளி, நார் மூட்டை பிரிக்கும் வேலை. மாஸ்க்கூடத் தரவில்லை. 2021 மார்ச்சில் நின்றுவிட்டார். 2023 ஜூலையில் சி.டி. எடுத்து ஆஸ்பெஸ்டாசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் நாரால் நுரையீரலில் தழும்பு படியும் நோய்) என்றார்கள். வேலைத்திறன் இழப்பு 40 சதவீதம் எனச் சான்று உள்ளது. இ.எஸ்.ஐ. எங்கள் பகுதிக்கு வரவில்லை. 2024-இல் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டோம். அப்பா குடித்த பீடிதான் காரணம் என்கிறார்கள் ஆலைத் தரப்பில். 4 லட்சம் தருகிறார்களாம். மேனேஜர் பேசிய பேச்சுக்கு விடக்கூடாது என்கிறார் அம்மா.

பதில்: மாஸ்க்கையும் மேனேஜரையும் விடுங்கள். உங்கள் 2024 மனுவுக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது). அதில் முதலாளியின் தவற்றை நிரூபிக்கவே வேண்டாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்ததும் 12ஆம் பிரிவால் தடையில்லை. பார்க்க வேண்டியது ஒரே ஒரு தேதி.

வேலையை விட்ட 2 ஆண்டுக்குள் அறிகுறி தோன்றியிருக்க வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. உங்கள் கெடு 2023 மார்ச்சோடு முடிந்தது, சி.டி. ஜூலையில். மனுவில் ஜூலையை மட்டும் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். ஆனால் சட்டம் கேட்பது நோயின் பெயரை அல்ல, அறிகுறியை. நீங்கள் அனுப்பியவற்றில் 2022 டிசம்பர் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் ‘வறட்டு இருமல், நடந்தால் மூச்சிரைப்பு’ என்றிருக்கிறது. உங்கள் வழக்கே அதுதான். மருத்துவமனைப் பதிவேட்டையும் சம்மன் மூலம் வரவழையுங்கள். பலர் விழும் குழி இங்கேதான்: குறுக்கு விசாரணையில் “எத்தனை நாளா மூச்சு வாங்குது?” என்றால் “இப்பத்தான், ஒரு வருஷமா” என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் சிலர் சீட்டில் தேதியைத் திருத்துவார்கள். அதன்பின் உண்மையான தாள்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பீடி வாதத்துக்கு மூச்சுப் பரிசோதனைத் தாளே பதில் சொல்லும். 3 மைக்ரானுக்கும் மெல்லிய நார் காற்றறைவரை போய்விடும். அதை விழுங்க வரும் செல்லைவிட நார் நீளம். செல் செத்து அழற்சியைக் கிளப்பும், தழும்பு படியும், வேலையை விட்ட பிறகும் படிந்துகொண்டே இருக்கும். நுரையீரல் கீழ்ப்பகுதியிலிருந்து விறைத்துப்போகும். அதனால் எஃப்.வி.சி.யும் (முழுதாக ஊதும் காற்றின் அளவு) டி.எல்.சி.ஓ.வும் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) குறையும், எஃப்.இ.வி.1/எஃப்.வி.சி. விகிதம் (ஊதும் காற்றில் முதல் நொடியில் வெளிவரும் பங்கு) பெரும்பாலும் குறையாது. பீடி மூச்சுக்குழாயை அடைத்தால் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இறங்கும். சி.டி.யில் நுரையீரல் உறையில் தடிப்பு மட்டும்தானா, உள்ளே தழும்பும் உண்டா என்று பாருங்கள். தடிப்பு நார் உள்ளே போனதற்குத்தான் சாட்சி. 40 சதவீதத்துக்கு அல்ல.

இனி பணம். அப்பாவின் வயது 58-க்குச் சட்ட அட்டவணை தரும் காரணி (பெருக்க வேண்டிய எண்) 124.70, மாதச் சம்பளம் எவ்வளவானாலும் ரூ. 15,000 வரைதான் கணக்கு. சம்பளத்தில் 60 சதவீதத்தைக் காரணியால் பெருக்கி, அதில் 40 சதவீத இழப்பு: ரூ. 4,48,920. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தனி. ஒரே ஒரு சீட்டை நம்பி இதற்காக உயர் நீதிமன்ற மேல்முறையீடுவரை அப்பாவை இழுக்காதீர்கள். வட்டிக்காக 5 லட்சம் கேளுங்கள். தராவிட்டால் 4 லட்சத்துக்கே முடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்த வாசகத்தைப் படியுங்கள். ‘எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று இருந்தால் போடாதீர்கள். ‘ஆஸ்பெஸ்டாசிஸுக்கு மட்டும்’ என்று மாற்றச் சொல்லுங்கள். இதே நாரால் 30, 40 ஆண்டு கழித்தும் மீசோதீலியோமா (நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) வரலாம். அன்று இந்தச் சட்டத்தின் 2 ஆண்டுக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும், மிஞ்சுவது சிவில் வழக்கு ஒன்றுதான். அதையும் இன்றே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். பணத்தை ஆலை வாசலில் வாங்க வேண்டாம். ஆணையர் முன்னிலையில் பதிவான பிறகே கைக்கு வரட்டும்.