சரக்கொன்றை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டு முன்பு ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சரக்கொன்றைக் கன்று நட்டோம். மாடி உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு பூ கூட இல்லை. அடிமரத்தைச் சுற்றி வட்டமாகச் செங்கல் கட்டி, ஒரு அடிக்கு மண் நிரப்பி குரோட்டன்ஸ் வைத்திருக்கிறோம். தினமும் தண்ணீர், மாதம் ஒரு கை யூரியா கொடுக்கிறோம். குரோட்டன்ஸும் நிறம் போய்ப் பச்சையாகிவிட்டது. மரத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். மரத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அடியில் இருக்கும் செடிகளுக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

சரக்கொன்றை வறட்சியில் பூக்கிற மரம். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டி, சித்திரையில் சரம் சரமாகத் தொங்கவிடும். மண் காயவே விடாமல் வருடம் முழுக்க ஈரமும் யூரியாவும் கிடைத்தால் அது இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். தை பிறந்ததும் மரத்துக்குத் தண்ணீரையும் நிறுத்திவிடலாம். ஆறு வயது மரம் தாங்கும். உரம் போட்டே தீரவேண்டும் என்றால் ஆடியில் ஒரு கூடை மட்கிய சாணம் போதும். அதையும் கிளை நுனிகளுக்கு நேர் கீழே இடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

செங்கல் வட்டத்துக்குள் நிரப்பிய மண்ணை உடனே எடுத்துவிடுங்கள். அடிமரப் பட்டை ஈர மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் அழுகும், கீழே வேருக்குக் காற்றும் குறையும். அழகுக்காகக் கட்டும் இந்த வட்டத்தால் வீணாகிப்போன மரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெயில் எவ்வளவு கிடைக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பக்கத்துக் கட்டடம் மறைத்தால் பூ குறையத்தான் செய்யும். இன்னொன்று, விதையில் வந்த கன்று பூக்க ஏழெட்டு வருடம் ஆவதும் உண்டு. கவாத்து செய்வதானால், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதானால், பூ முடிந்த பிறகு, ஆனி ஆடியில். ஆணி அடித்தால் பூக்கும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சரி, குரோட்டன்ஸ்? அதன் நிறமே வெளிச்சத்தில் வருவது. காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றினால் புது இலைகள் நிறத்தோடு வரும். மரத்தடிக்கு நிழலில் வளரும் சிங்கோனியம், அக்லோனிமா, பெரணி, ஸ்நேக் பிளான்ட் சரிப்படும். ஆனால் தரையில் நடாதீர்கள், தொட்டியில் வையுங்கள். அப்போதுதான் அவற்றுக்கு ஊற்றும் தண்ணீர் மரத்துக்குப் போகாது. தொட்டிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வெயில் ஏறும் மாசி, பங்குனியில்தான் இந்த மரம் நிழல் தராமல் மொட்டையாக நிற்கும். அந்த இரண்டு மாதம் தொட்டிகளைத் தூக்கித் திண்ணைப் பக்கம் வைத்துவிடலாம். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அக்லோனிமாவும் சிங்கோனியமும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். இலையைக் கடித்தால் வாய் எரியும்.

அப்புறம், கொன்றை இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். தின்றுவிட்டுப் போகட்டும், மரம் மறுபடி துளிர்த்துவிடும்.