வழக்கு இல்லாதவரும் நீதிமன்றத்துக்குள் போய் உட்காரலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நீதித்துறை பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு விசாரணையையும் நேரில் பார்த்ததில்லை. சென்ற மாதம் ஆசையோடு ஒரு நீதிமன்றத்துக்குப் போனேன். வாசலில் நின்ற காவலர், "உங்களுக்கு என்ன வழக்கு? வழக்கு இல்லாதவருக்கு உள்ளே என்ன வேலை?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரியா? பிளஸ் டூ படிக்கும் பேத்தியையும் அழைத்துப் போகலாமா?

பதில்: டீச்சர், நீங்கள் போகலாம். உங்கள் பேரில் வழக்கு இருக்க வேண்டியதில்லை, கூட வக்கீல் வர வேண்டியதில்லை, வழக்காடுபவருக்கு உறவாக இருக்கவும் வேண்டியதில்லை. குற்ற வழக்கை விசாரிக்கும் இடம் திறந்த நீதிமன்றம், பொதுமக்கள் அங்கே வரலாம் என்று சட்டமே சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327-ஆம் பிரிவாக இருந்த அந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 366-ஆம் பிரிவாக நடப்பில் இருக்கிறது. சிவில் வழக்குகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவு இதையே சொல்கிறது. 1966-இல் மிராஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பொதுவாக விசாரணை மக்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொன்னது. நீதிக்குத் தேவைப்படும்போது கதவை அடைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

சட்டம் இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது. ஒன்று, அறையில் இடம் இருக்கிற அளவுக்குத்தான் ஆட்கள் உட்காரலாம். மற்றொன்று, பொதுமக்கள் வர வேண்டாம் என்றோ, குறிப்பிட்ட ஒருவர் இருக்க வேண்டாம் என்றோ நீதிபதி எந்தக் கட்டத்திலும் உத்தரவு போடலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீதிபதி. வழக்கு இல்லை என்பது மட்டுமே உங்களைத் திருப்பி அனுப்பப் போதிய காரணம் ஆகாது.

அதற்காக அந்தக் காவலர் மேல் கோபம் வேண்டாம். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒரு கொலை நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நீதிமன்ற வாசல்களில் கெடுபிடி கூடிவிட்டது; கூடத்தான் வேண்டும். யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதும் பையைத் திறந்து பார்ப்பதும் அவர்கள் கடமை. அடுத்த முறை ஆதார் அட்டையையோ வாக்காளர் அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கு வழக்கு இல்லை. இன்ன நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையைப் பார்க்க வந்திருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று சொல்லுங்கள். நீதிமன்றத்தின் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்வது முக்கியம். "சும்மா பார்க்க வந்தேன்" என்றால் எந்தக் காவலருக்கும் சந்தேகம்தான் வரும். அப்போதும் விடாவிட்டால், அந்த நீதிமன்றத்தின் தலைமை எழுத்தரான சிரஸ்தாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதைவிட நல்ல வழி, முதன்மை மாவட்ட நீதிபதிக்கு முன்கூட்டியே அரைப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிவிடுவது. தனியாளுக்கு அது கட்டாயமில்லை. மாணவர்களைக் கூட்டமாக அழைத்துப் போவதாக இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கே போவது? முதல் நாளே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டாம். உங்கள் ஊரிலேயே குற்றவியல் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றமும் சிவில் நீதிமன்றங்களும் இருக்கின்றன. காலை பத்தேகாலுக்கெல்லாம் நடுவர் நீதிமன்ற வராந்தாவில் நில்லுங்கள். பத்தரைக்கு நீதிபதி வந்து அமர்ந்ததும் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுவார்கள். அலுவலக உதவியாளர் வாசலுக்கு வந்து பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார், வராந்தாவில் இருந்து ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி ஓடி வருவார், கூண்டில் ஏறிக் கும்பிடுவார், வாய்தா, அதாவது அடுத்த விசாரணைத் தேதி சொல்வார்கள், இறங்கிவிடுவார். பல வழக்குகள் ஒரு நிமிடம்கூட எடுக்காது. பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாமல் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பையும் ஒரு நாள் அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு வாய்தாவுக்காகக் களக்காட்டிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரின் முகத்தைப் பாடப்புத்தகத்தில் பார்க்க முடியாது.

இந்த அழைப்புகள் முடிந்த பிறகுதான் சாட்சி விசாரணை தொடங்கும். ஆகவே பதினொன்றரை மணிக்கு எழுந்து போய்விடாதீர்கள்.

இரண்டாவது முறை பாளையங்கோட்டை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு வாருங்கள். 1908 ஜூலை 7 அன்று வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை என்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தது திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான். நீங்கள் ஆண்டுதோறும் வகுப்பில் சொன்ன அந்த நீதிமன்றத்தின் இன்றைய வாரிசுகள் இந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கான செஷன்ஸ் வழக்கு விசாரணைதான் பார்வையாளருக்கு மிகவும் புரியும். சாட்சியை முதலில் அழைத்தவர் கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது குறுக்கு விசாரணை. கீழ் நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது, வாதங்களும் பெரும்பாலும் தமிழில் நடக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இந்த வசதி கிடையாது. அங்கே நடப்பு ஆங்கிலத்தில்.

சிவில் வழக்கைப் பார்க்கப் போனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2002-க்குப் பிறகு சிவில் சாட்சியின் முதல் விசாரணை, நிரூபண வாக்குமூலம் என்ற எழுத்து வடிவில் தாக்கலாகிவிடுகிறது. நேரில் கேட்பது குறுக்கு விசாரணை மட்டும்தான். பாதிக் கதையில் உள்ளே நுழைந்தது போல இருக்கும்.

எந்த வழக்கு எந்த நாளில் என்பது நீதிமன்றத்தில் ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலில் தெரியும். இ-கோர்ட்ஸ் செயலியிலும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வழக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அதில் போட்டிருக்கும். சாட்சி விசாரணை அல்லது வாதம் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தீர்ப்பு நாளுக்கும் போகலாம், தீர்ப்பையும் திறந்த நீதிமன்றத்தில்தான் வாசிக்க வேண்டும். ஆனால் குற்ற வழக்கில் தீர்ப்பின் முடிவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான் உங்களுக்குச் சொல்வது குறுக்கு விசாரணை.

இனி நான் உங்களிடம் உண்மையில் சொல்ல விரும்புவது. எங்கே உட்காருகிறீர்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

முன்வரிசை நாற்காலிகள் வக்கீல்களுடையவை. பின்னால் இரண்டோ மூன்றோ பெஞ்சுகள் இருக்கும்; அவைதான் பொதுமக்களுக்கு. நம் மாவட்டத்தில் அந்தப் பெஞ்சுகளைப் பெரும்பாலும் யார் நிறைக்கிறார்கள் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன், வக்கீலாக நான் வாதாட வேண்டிய வழக்குக்காகக் காத்திருந்தபோது பார்த்தது. ஒரு கொலை வழக்கு. கூண்டில் ஏறியவர் ஆடு மேய்ப்பவர், வயது அறுபதுக்கு மேல். அவர் கண்ணால் பார்த்த சாட்சி. கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மேசையில் துணிப்பையைப் பிரித்து, அரக்கு முத்திரை உடைத்து, நூலில் சீட்டுக் கட்டிய அரிவாளை எடுத்து வைத்தார்கள். அரசு வழக்கறிஞர் அதைக் காட்டி முதல் கேள்வியைக் கேட்டார். அவர் அரிவாளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிப் பெஞ்சுகளைப் பார்த்தார். இரண்டு பெஞ்சிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆட்கள், காலையிலேயே வேனில் வந்து இறங்கியவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒரு சைகைகூட இல்லை. சாட்சியின் மனைவி சோற்றுத் தூக்கோடு வெளியே வராந்தாவில் நின்றார். "இருட்டாக இருந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை" என்றார் பெரியவர். அவரைப் பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதிலிருந்து மாறியவராக, அறிவிக்கும்படி அரசு வழக்கறிஞர் கேட்டுக்கொண்டார். சட்டத்தை மீறி அங்கே எதுவும் நடந்ததாகப் பதிவேட்டில் இருக்காது.

அன்று அந்தப் பெஞ்சில் எந்தத் தரப்பையும் சேராத நான்கு பேர் இருந்திருந்தால் அவர் மாறியிருக்க மாட்டார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தலையைத் திருப்பியபோது அவர் பார்த்த முகங்களில் நான்கு வேறாக இருந்திருக்கும். ஒரு டீச்சர் கையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பது சாட்சிக்கும் தெரியும், கேள்வி கேட்கிற வக்கீலுக்கும் தெரியும். பின்பெஞ்சில் ஆள் இருக்கிற நாளில் நானே என் குரலைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

அதனால், எந்தத் தரப்புக் கூட்டத்தோடும் ஒட்டி உட்காராதீர்கள். வராந்தாவில் அவர்கள் பேச்சுக் கொடுத்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாங்கித் தரும் டீயைக் குடிக்காதீர்கள். சாட்சி பேசும்போது அவரை முறைத்துப் பார்ப்பது, தலையை ஆட்டுவது, உச்சுக்கொட்டுவது எதுவும் கூடாது. அவர் சொல்வது பொய் என்று உங்களுக்குத் தோன்றினாலும் முகத்தில் காட்டக் கூடாது. இன்னொன்று: அந்தச் சம்பவத்தைப் பற்றி உங்களுக்கே ஏதாவது தெரியும், பின்னால் சாட்சியாக அழைக்கப்படக்கூடும் என்றால் அந்த வழக்கைப் பார்க்கவே போகாதீர்கள். இன்னும் விசாரிக்கப்படாத சாட்சி, மற்ற சாட்சிகள் சொல்வதைக் கேட்கக் கூடாது என்பதற்காக வெளியே நிறுத்தப்படுவது வழக்கம். அம்பாசமுத்திரம் போன்ற ஊரில் இது எளிதாக நேர்ந்துவிடக் கூடியது.

சில கதவுகள் சாத்தியே இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பாலியல் வன்முறை வழக்குகள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். சிறார் நீதிக் குழுமத்துக்கும் பொதுமக்கள் போக முடியாது. இந்துத் திருமணச் சட்ட வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்பது சட்டம். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டாலே கதவை மூட வேண்டும். விசாரணையின் நடுவில் நீதிபதி எல்லோரையும் வெளியே போகச் சொன்னால், காரணம் கேட்காமல் எழுந்து போய்விடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரோ, ஊரோ, அவரை அடையாளம் காட்டும் எதுவோ உங்கள் காதில் விழுந்திருந்தால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும். அதை வெளியிடுவது இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான்.

கைப்பேசியை வாசலிலேயே அணைத்துவிடுங்கள். ஒலிக்காமல் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கையில் எடுத்தாலே படம் பிடிக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். அனுமதி இல்லாமல் ஒலியோ படமோ பதிவு செய்தால் கைப்பேசி போய்விடும், அவமதிப்பு நடவடிக்கையும் வரலாம். நோட்டில் எழுதுவது வேறு. அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. இருந்தாலும் நீதிபதி கேட்டால் எழுந்து நின்று நீங்கள் யார், எதற்காக எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். நீதிபதி வரும்போதும் எழும்போதும் நிற்க வேண்டும்; உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் அவர் இருக்கை நோக்கி லேசாகத் தலை தாழ்த்துவது மரபு. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் யாராவது வந்து இறக்கச் சொல்வார்கள். சாட்சி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்து வெளியே போகாதீர்கள். அந்தச் சாட்சி முடியட்டும்.

ஒரு காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருப்பவர்களைக் காவல் நீட்டிப்புக்கு இப்போது பெரும்பாலும் நேரில் கொண்டுவருவதில்லை, காணொளித் திரையில்தான் வருவார்கள். சிறையும் நீதிமன்றமும் ஒரே ஊரில் இருந்தும் அப்படித்தான். வராந்தாவில் மகனைப் பார்க்கலாம் என்று வந்து நிற்கும் தாய்மார்களுக்கு இது பெரிய இழப்பு.

பேத்தி விஷயம். பிளஸ் டூ பெண்ணைத் தாராளமாக அழைத்து வரலாம். வயது இத்தனை இருக்க வேண்டும் என்று 366-ஆம் பிரிவு எதுவும் சொல்லவில்லை. ஆனால் முதல் தடவை கொலை வழக்கு வேண்டாம். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் கூண்டில் ஏறிக் காயங்களை ஒவ்வொன்றாக அளவோடு சொல்வதை அந்த வயதில் கேட்டுவிட்டு இரவில் தூங்க முடியாது. காசோலை வழக்கு, விபத்து இழப்பீட்டு வழக்கு, வரப்புத் தகராறு, இவற்றில் ஒன்றைப் பார்க்கட்டும். விபத்து வழக்கில், இறந்தவரின் மாத வருமானம் எவ்வளவு என்று அவர் மனைவியிடம் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கும் கேள்விகள் ஒரு மணி நேரத்தில் அவளுக்கு நிறையக் கற்றுக் கொடுக்கும். அழைத்து வரும் முன் அந்த நீதிமன்றத்தின் பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஒன்றிரண்டு நாட்கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. நடுவர் நீதிமன்றங்கள் நடக்கும். வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பு அறிவித்த நாளில் வந்தால் எல்லா வழக்குக்கும் வாய்தா போடுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். பஸ் ஏறுவதற்கு முன் தெரிந்த வக்கீல் யாரிடமாவது, இல்லையென்றால் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் இலவச உதவி எண் 15100.