கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைத்துவிடுகிறது

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். 'அம்மா', 'தாத்தா', 'பூ', 'காக்கா', 'டாட்டா' என்று ஐந்து சொற்கள்தான் சொல்கிறான். பாட்டியிடம் தெலுங்கில் ஏதோ ஒன்றிரண்டு சொல்கிறானாம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் செல்போனில் பார்த்து, ஒன்று முதல் பத்துவரை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். நான் அவனிடம் தமிழ் பேசுகிறேன், கணவரும் மாமியாரும் தெலுங்கு. "இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புகிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று ப்ளே ஸ்கூலில் சொல்கிறார்கள். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், நாக்கில் வசம்பு தேய்த்தால் போதும்" என்கிறார் மாமியார். சொன்னால் செருப்பை எடுத்து வருகிறான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். நான் பயப்பட வேண்டுமா?
(ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: முதலில் காதைப் பாருங்கள், சகோதரி. மற்றதெல்லாம் பிறகு.

"கதவைச் சாத்தினால் திடுக்கிடுகிறானே, காதில் என்ன குறை இருக்கப்போகிறது?" என்று அநேகமாக எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். கனத்த ஓசைகள் நன்றாகக் கேட்கும், 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும், தண்ணீருக்குள் மூழ்கியவனுக்குக் கரையில் பேசுவது கேட்பதைப் போலத்தான் கேட்கும். நீங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்றால் இந்தப் பரிசோதனை இன்னும் அவசியம். பிறவிக் காதுக் குறைபாடு அப்படிப்பட்ட குடும்பங்களில் சற்றுக் கூடுதல். உள்காது ஒலிக்கு எதிரொலிக்கிறதா என்று பார்ப்பது ஓஏஇ, ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது பெரா. குழந்தை தூங்கும்போதே இந்த இரண்டு சோதனைகளையும் செய்துவிடலாம். வலி கிடையாது.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், இப்படி வந்த ஒரு குடும்பத்திடம் "பையன்தானே, பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றரை வயதில் திரும்பி வந்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதிதான் இருந்தது. அந்த ஒன்றரை ஆண்டை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. மெதுவாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். யார் எட்டிப் பிடிப்பார், யார் பின்தங்குவார் என்பது இரண்டு வயதில் எவருக்கும் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வசம்பு வேண்டாம். அது பேச்சை வரவழைக்காது. பிள்ளைக்கு வாந்தியையும் மந்தத்தையும் வரவழைக்கலாம்.

இரண்டு வயதில் சுமார் 50 சொற்களையும், 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்ந்த பேச்சையும் எதிர்பார்க்கிறோம். அந்தக் கணக்கில் உங்கள் மகன் பின்தங்கித்தான் இருக்கிறான். ஆனால் சொன்னதைப் புரிந்துகொள்கிறான், விரல் நீட்டிக் காட்டுகிறான். இவை இரண்டும் பெரிய ஆறுதல். விரல் நீட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, முன்பு சொன்ன சொற்களை இழந்துவிட்ட பிள்ளை என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் மறுநாளே வரச் சொல்லியிருப்பேன்.

ஒன்று முதல் பத்துவரை ஒப்பிப்பதைப் பேச்சாக எண்ணாதீர்கள். தாகம் எடுத்தால் 'தண்ணி' என்று கேட்பதுதான் பேச்சு. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பட்ரிசியா கூல் என்பவர் செய்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், வயது ஒன்பது மாதம். சீன மொழி பேசுபவர்கள் எதிரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் படித்து, பன்னிரண்டு முறை விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றையும் கற்கவில்லை. திரையில் இருப்பவர் குழந்தையின் கண் போகும் திசையைப் பார்ப்பதில்லை. அதன் பதிலுக்காக நிற்பதும் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் சொன்னதும் இதுதான்: இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், உறவினருடன் எப்போதாவது வீடியோ அழைப்பு மட்டும் சரி. அதன்பின் ஐந்து வயதுவரை, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

செல்போன் மட்டுமே குற்றவாளி என்று சொல்லமாட்டேன். அன்பான பாட்டியும் பேச்சைத் தடுக்கலாம்! என் அறையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. உள்ளே சிவப்புப் பந்து, மூடி இறுக்கமானது. குழந்தையிடம் கொடுப்பேன். குலுக்கும், கடிக்கும், முடியாமல் அம்மாவிடமோ பாட்டியிடமோ நீட்டும். நீட்டிய கை இறங்குவதற்குள் அவர் திறந்து கொடுத்துவிடுவார். "கொஞ்சம் பொறுங்கள், மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள்" என்பேன். அந்தப் பத்து எண்ணிக்கை பெரியவர்களுக்குப் பெரும்பாடு. ஆறு, ஏழு எண்ணும்போது குழந்தை முகத்தை நிமிர்ந்து பார்க்கும். 'ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். அப்போது "திற... திறக்கட்டுமா? இதோ, திறந்தாச்சு!" என்று சொல்லிக்கொண்டே திறக்க வேண்டும். நான்காவது ஐந்தாவது தடவையில் சில பிள்ளைகளிடமிருந்து 'தி' என்று வந்துவிடும். வராவிட்டாலும் கொடுத்துவிடுங்கள், சொன்னால்தான் தருவேன் என்று அழவைக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் அவன் கை நீட்டும் முன்பே பால் வந்துவிடுகிறது என்று ஊகிக்கிறேன். வாய் திறக்க அவனுக்குத் தேவையே ஏற்படவில்லை. ஒரு குழந்தையின் காதில் எத்தனை ஆயிரம் சொற்கள் விழுகின்றன என்பதைவிட, அதற்கும் பெரியவருக்கும் இடையே எத்தனை முறை பேச்சு போய்த் திரும்புகிறது என்பதே முக்கியம். அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த மூளை ஆய்வொன்று இதைத்தான் காட்டியது. நீங்கள் 'ம்ம்' என்பதும் அவன் திருப்பி 'ம்ம்' என்பதும்கூட அதில் சேர்த்திதான்.

இதற்கு விலை கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டாம். உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கவளம் ஊட்டி, கடைசியில் மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை நண்டு ஊரவிடும் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நண்டை மணிக்கட்டிலேயே நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்தது வரட்டும் என்று காத்திருப்பான். கேட்கச் சொல்லி யாரும் கற்றுத் தராமலே 'ஊம்' என்பான். பேச்சுப் பயிற்சியாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் உத்தியும் ஏறக்குறைய இதுவேதான்.

"இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் 'பூ' என்றால், "பூ விழுந்துவிட்டதே, எடுக்கலாமா?" என்று ஒரு படி நீட்டிச் சொல்லுங்கள். கொஞ்சு மொழியில் ராகம் போட்டு இழுத்துப் பேசுவதை வீட்டில் யாராவது கேலி செய்தால் பொருட்படுத்தாதீர்கள். பச்சைப் பிள்ளையின் காதுக்கு அந்த ராகம்தான் வழிகாட்டி. தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'தா', 'வா', 'போ' என்று ஓரெழுத்திலேயே ஒரு முழு வாக்கியம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தொடங்குங்கள். 'ழ' வரவில்லை என்று இப்போது கவலைப்பட வேண்டாம்.

மொழி விஷயத்தில் ப்ளே ஸ்கூல் சொன்னது தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. 'கட்டி', 'கத்தி' இரண்டையும் பிரிக்கிறதே நம் ட-த வேறுபாடு, அதைப் போன்ற இந்தி ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் எளிதாகப் பிரித்தறிந்தன; ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. முதல் சொல் வருவதற்கு வெகு முன்பே, வீட்டில் புழங்கும் மொழிக்கு ஏற்பக் காது பழகிவிடுகிறது. உங்கள் மகனின் காது தமிழுக்கும் தெலுங்குக்கும் பழகியது. இப்போது அதைப் பறித்துக்கொண்டு, பாட்டிக்கு வராத ஆங்கிலத்தைத் திணித்தால், பகல் முழுவதும் அந்த வீட்டில் பேச்சே இருக்காது. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அவர்கள் தெலுங்கிலேயே பேசட்டும்.

பரிசோதனைகளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இடையீட்டு மையங்கள், அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் மையங்கள், இருக்கின்றன. காது, பேச்சு, வளர்ச்சி மூன்றையும் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். ஆட்டிசம் பற்றிய கேள்வித்தாளையும் அங்கே நிரப்பச் சொல்வார்கள், பதறாதீர்கள். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே கேட்க வேண்டியவைதான் அந்தக் கேள்விகள். காது சரியாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்குள் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் அவன் சொல்லும் சொற்களை எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள். பால் என்பதற்குப் 'பாலு' என்றாலும் ஒரு சொல்தான். இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் கணக்கு. மையத்துக்குப் போகும்போது அந்தத் தாளுடன் மாமியாரையும் அழைத்துப் போங்கள். பகலில் அவன் சொல்லும் சொற்கள் அவருக்குத்தான் தெரியும்.