ஊக்கி முதல் உமிச்சாம்பல் வரை: சேதன இரசாயனக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுடையவை. மீதி நான் எதிர்பார்க்காத இடங்களிலிருந்து வந்தவை: அரிசி ஆலை, சாப்பாட்டுக்கடை, சீனி ஆலைப் பக்கம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றாது என்று டியூசனில் எழுதித் தந்தார்கள். பங்குபற்றாத ஒன்று எப்படித் தாக்கத்தை வேகமாக்கும், சேர்?
உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

உங்கள் சந்தேகம்தான் சரி. கொப்பியில் அந்த வரியை வெட்டிவிடுங்கள். ஊக்கி நன்றாகவே பங்குபற்றும்; தாக்கம் முடியும்போது பழையபடி திரும்பி வந்துவிடும், அவ்வளவுதான். எதீனுக்கு ஐதரசன் ஏற்றும்போது, ஐதரசன் மூலக்கூறு நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டி இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. எதீனும் பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. அணுக்கள் ஒவ்வொன்றாக அதில் ஏறி எதேன் ஆனதும் அது கழன்றுவிடும். நிக்கல் அடுத்ததற்குத் தயார். ஏவற்சக்தி, அதாவது தாக்கம் தொடங்கத் தேவையான சக்தி, குறைந்த வேறொரு பாதை இது. சமநிலை எங்கே நிற்கும் என்பதை ஊக்கி மாற்றாது. அங்கே போய்ச் சேரும் நேரத்தைத்தான் குறைக்கும்.

அப்புறம், மும்மைப் பிணைப்புள்ள அற்கைனுக்கு ஐதரசன் ஏற்றும்போது, ஊக்கியான பல்லேடியத்தை பேரியம் சல்பேற்றில் ஏற்றி குயினொலீனும் சேர்ப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். குயினொலீன் அந்த ஊக்கிக்கு நஞ்சு. வேண்டுமென்றே அரைகுறையாக நஞ்சூட்டி வைப்பதால்தான் அற்கைன் இரட்டைப் பிணைப்புள்ள சிஸ்-அற்கீனோடு நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் ஒற்றைப் பிணைப்புள்ள அற்கேன் வரை ஓடிவிடும். எங்கே நிறுத்துவது என்பதும் ஊக்கியின் வேலைதான்.

எனது செயன்முறையில் 92 சதவீத விளைச்சல் கிடைத்தது. ஆனாலும் "இது பசுமையான முறை இல்லை" என்று விரிவுரையாளர் புள்ளியைக் குறைத்துவிட்டார். நியாயமா?
இரண்டாம் ஆண்டு மாணவர், சம்மாந்துறை

புள்ளி விடயத்தில் நான் தலையிடமாட்டேன். ஆனால் அவர் சொன்னதில் விடயம் இருக்கிறது. தொடக்கப் பொருளில் எவ்வளவு விளைபொருளாக மாறியது என்பதை மட்டும்தான் விளைச்சல் சொல்லும். கூடவே உண்டான பக்கப் பொருளும், நீங்கள் ஊற்றிய கரைப்பானும் அந்தக் கணக்கில் வராது. 1991இல் அமெரிக்க இரசாயனவியலாளர் பரி ட்ரொஸ்ட் அணுச் சிக்கனம் என்ற கணக்கைக் கொண்டுவந்தார்: தாக்கிகளின் அணுக்களில் எத்தனை பங்கு விளைபொருளுக்குள் போய்ச் சேர்கிறது? அடுத்த ஆண்டே றொஜர் ஷெல்டன் இன்னும் நேரடியாகக் கேட்டார்: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? இதுதான் ஈ-காரணி. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் அது 0.1 அளவு. மருந்துத் தொழிலில் 25 முதல் 100 வரை, சிலவேளை அதற்கும் மேல். புகை கக்கும் சுத்திகரிப்பு ஆலையை எல்லாரும் திட்டுகிறோம்; கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாத்திரைதான் அதிகக் கழிவு.

இனி உங்கள் மேசைக்கு வாருங்கள். 2 கிராம் பொருளைச் சுத்தமாக்க சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் (கொலம்) ஒரு லீற்றர் ஹெக்சேன், எதைல் அசற்றேற்றுக் கலவையை ஓடவிட்டிருப்பீர்கள் என்று வைப்போம். அந்தக் கலவை ஏறக்குறைய 700 கிராம். மீட்டெடுக்காமல் கழிவுப் போத்தலில் ஊற்றினால், கரைப்பானால் மட்டும் ஈ-காரணி 350. சிலிக்காவையும் கழுவிய நீரையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அதே பொருளைச் சூடான எதனோலில் கரைத்துப் பளிங்காக்கி எடுக்க முடியுமா என்று பார்த்தீர்களா? மருந்துத் தயாரிப்பிலும் உள்ளே போகும் மொத்தத் திணிவில் பாதிக்கு மேல் கரைப்பான்தான். பசுமை என்றதும் எல்லாரும் ஊக்கியைத் தேடுகிறார்கள். நான் முதலில் கரைப்பான் போத்தலைத்தான் பார்ப்பேன்.

ஊக்கியின் பங்கும் சிறிதில்லை. அரோமற்றிக் வளையத்தில் ஏசைல் கூட்டத்தை ஏற்றிக் கீற்றோன் ஆக்கும் பிரீடல்–கிராப்ற்ஸ் ஏசைலேற்றத்தில் அலுமினியம் குளோரைட்டை ஊக்கி என்றே படிக்கிறோம். உண்மையில் உண்டாகும் கீற்றோன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால், ஒரு மோலுக்கு ஒரு மோலுக்கும் மேலே போடவேண்டும். கடைசியில் நீர் ஊற்றியதும் அது ஐதரொட்சைட்டுச் சேறாகவும் ஐதரோகுளோரிக் அமிலமாகவும் போய்விடும். பெயரில்தான் ஊக்கி. வலி நிவாரணியான ஐபுபுறோபன் மாத்திரையின் பழைய ஆறு படித் தயாரிப்பில் இதுவும் ஒரு படி. அந்த முழு வழியின் அணுச் சிக்கனம் சுமார் 40 சதவீதம். 1990களில் வந்த மூன்று படி வழியில் அது 77. அதில் ஐதரசன் புளோரைட்டு, நிக்கல், பல்லேடியம் மூன்றும் உண்மையான ஊக்கிகளாக மீள மீளப் பாவிக்கப்படுகின்றன. ஐதரசன் புளோரைட்டு தோலில் பட்டால் எலும்பு வரை போகும் என்பதையும் சொல்லவேண்டும். பாடநூல்கள் இந்த உதாரணத்தைப் புகழ்ந்துவிட்டு அந்த வரியை விட்டுவிடும்.

நீரில் செய்தால் எந்தத் தாக்கமும் பசுமையாகிவிடுமா?
வாழைச்சேனை

ஆகாது. நீர் நல்ல கரைப்பான்தான். 1980இல் அமெரிக்க இரசாயனவியலாளர் பிறெஸ்லோவின் குழு, இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து வளையமாகும் ஒரு டீல்ஸ்–அல்டர் தாக்கத்தை நீரில் செய்தபோது, ஐசோஒக்டேன் என்ற எண்ணெய்த்தன்மையான கரைப்பானில் நடந்ததைவிட சுமார் 700 மடங்கு வேகமாக நடந்தது. எண்ணெய்த் தன்மையான மூலக்கூறுகளை நீர் நெருக்கித் தள்ளியதுதான் முக்கிய காரணம். ஆனால் பொருளை வெளியே எடுக்க அதன் பிறகு இரண்டு முறை எதைல் அசற்றேற்றால் பிரித்தெடுத்தால் எதை மிச்சம் பிடித்தோம்? மிஞ்சும் நீரில் தாக்கத்தில் பாவித்த அமீனோ உப்போ கலந்திருக்கலாம். அதை எரிக்கவும் முடியாது, வாவியில் விடவும் கூடாது. பொருள் தானாகத் திண்மமாகப் பிரிந்து, வடித்து எடுக்கிற தாக்கமென்றால் நீரைத் தாராளமாகத் தெரிவு செய்யலாம்.

எங்கள் ஆலையில் உமிச்சாம்பல் மலைபோல் கிடக்கிறது. அதிலிருந்து ஊக்கி செய்யலாம் என்று கம்பஸில் படிக்கும் மகன் சொல்கிறான். காசு பார்க்கலாமா?
அரிசி ஆலை உரிமையாளர், அக்கரைப்பற்று

மகன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவன் சொல்லாத பகுதி பெரிது.

ஆயிரம் கிலோ நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி. அதை முழுக்க எரித்தால் 40 கிலோ சாம்பல். அதில் 90 சதவீதம் அளவு சிலிக்கா. இந்த சிலிக்கா ஊக்கி இல்லை; ஊக்கியைத் தாங்கும் மேடை. அதன் மேற்பரப்பில் சல்போனிக் அமிலக் கூட்டங்களையோ உலோகத்தையோ ஏற்றினால்தான் வேலை செய்யும். உமியை அரைகுறையாகக் கரியாக்கி, செறிந்த சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கி எடுக்கும் திண்ம அமிலமும் உண்டு. எசுத்தர் தயாரிப்பில் சல்பூரிக் அமிலத்தை ஊற்றுவதற்குப் பதில் இதைப் போட்டு, முடிந்ததும் வடித்து எடுக்கலாம். அமிலத்தை நடுநிலையாக்கிக் கழுவுகிற வேலை மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், மேடையாக உதவுவது பளிங்குருவற்ற சிலிக்கா. 700 பாகை செல்சியசை நன்றாகத் தாண்டி எரிந்தால் அது கிறிஸ்டோபலைற்று என்ற பளிங்காக மாறத் தொடங்கும், மேற்பரப்பு சுருங்கிவிடும். நெல் அவிக்கும் உங்கள் பொயிலரில் ஒரு பக்கம் கரி மிஞ்சிய கறுப்புச் சாம்பல், இன்னொரு பக்கம் அதிகம் வெந்த வெள்ளைச் சாம்பல் இரண்டும் கலந்தே வரும். ஊக்கி வாங்குகிறவன் ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பான். அந்த ஒழுங்கு வர தனி உலையும், அமிலத்தில் கழுவும் தொட்டியும், அளந்து பார்க்கும் கருவிகளும் வேண்டும்.

மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஐந்தாவது முறை பாவித்தபோது ஊக்கி எப்படி இருந்தது? ஏற்றிய சல்போனிக் கூட்டங்கள் சூடான மெதனோலில் மெல்ல மெல்லக் கழன்று கரைசலுக்குள் வந்துவிடும். தாக்கம் பாதியில் இருக்கும்போதே சூடாக வடித்து, வடிநீரை மட்டும் தொடர்ந்து சூடாக்கிப் பார்க்கவேண்டும். அதிலும் தாக்கம் ஓடினால் வேலை செய்தது கரைந்த அமிலம். திண்மம் சும்மா கூட இருந்திருக்கிறது. இந்தச் சோதனை இல்லாத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

காசுக்கென்றால், என் கருத்து: இப்போதைக்கு சீமெந்துக் கலவைக்குச் சாம்பல் வாங்குகிறவர்களைத் தேடுங்கள். ஆய்வுக்கு மகன் இரண்டு மூட்டை எடுத்துப் போகட்டும். சாம்பல் அள்ளுகிறவர்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். பளிங்குச் சிலிக்காத் தூசி நுரையீரலை அரித்துவிடும்.

சாம்பல் கழுவிய நீரையும் இகழவேண்டாம். அதில் பொற்றாசியம் காபனேற்று இருக்கும். அசாமில் வாழைச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரைக் காரமாக வைத்தே, பல்லேடியம் ஊக்கியால் இரண்டு அரோமற்றிக் வளையங்களை இணைக்கும் சுசுக்கி தாக்கத்தைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பல்லேடியம் மட்டும் வாழையில் காய்க்காது; அதை வாங்கத்தான் வேண்டும்.

கடையில் மிஞ்சும் பொரித்த எண்ணெயை மட்டிச் சுண்ணாம்பு போட்டு டீசலாக்கலாமாமே? வீட்டில் செய்யலாமா?
சாப்பாட்டுக்கடை, காத்தான்குடி

இரசாயனம் சரி, வீடு சரியில்லை. மட்டி, சிப்பி ஓட்டை 800–900 பாகையில் சுட்டால் கல்சியம் ஒட்சைட்டு வரும். அது எண்ணெயையும் மெதனோலையும் தாக்கமுறச் செய்து உயிரிடீசலாக்கும். வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பு ஏற்கெனவே நீர் குடித்த ஐதரொட்சைட்டு. அது இந்த வேலைக்குச் சோம்பேறி. பல தடவை பொரித்த எண்ணெயில் நீரும் சுயாதீனக் கொழுப்பமிலமும் கூடியிருப்பதால் டீசலுக்குப் பதில் சவர்க்காரம் திரளும். எல்லாம் சரியாக நடந்தாலும் 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரோல் மிஞ்சும். அதை எங்கே கொட்டுவீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலே மெதனோல். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகலாம். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அடுப்பெரியும் கடையில் அதை வைத்திருக்கவே வேண்டாம்.

புரோலின் போன்ற அமினோ அமிலமே ஊக்கியாகும் என்றால் இனி பல்லேடியம், றோடியம் போன்ற உலோக ஊக்கிகள் எதற்கு?
வந்தாறுமூலை

2000இல் பெஞ்சமின் லிஸ்ற் புரோலினை வைத்து காபன்–காபன் பிணைப்பை உண்டாக்கும் அல்டோல் தாக்கத்தில், இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரண்டு மூலக்கூறுகளில் ஒன்றை அதிகமாக உண்டாக்கிக் காட்டினார். அந்த வழியில் 2021 நோபல் பரிசு அவருக்கும் டேவிட் மக்மில்லனுக்கும் போனது. அருமையான வேலை. ஆனால் அந்த முதல் தாக்கத்தில் போட்ட புரோலின் 30 மோல் சதவீதம், அதாவது 100 தாக்கி மூலக்கூறுக்கு 30. நல்ல பல்லேடியம் ஊக்கி 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ஓடும். மலிவும் நஞ்சின்மையும் ஒரு பக்கம், அளவு மறுபக்கம். வாய்வழி மருந்தில் ஒரு நாளுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டல். அதை அகற்றும் செலவையும் கணக்கில் எடுங்கள். புரோலின் பல்லேடியத்தின் இடத்தைப் பிடிக்கவும் முடியாது. இரண்டு அரோமற்றிக் வளையங்களை அது இணைக்காது.

உலோகம் உண்மையிலேயே இடம்விட்ட கதை வேண்டுமென்றால் நீரிழிவு மருந்தான சிற்றாகிளிப்டினைப் பாருங்கள். றோடியமும் உயரழுத்த ஐதரசனும் வைத்துச் செய்த படியை, பரிணாம முறையில் திருத்தியெடுத்த ஒரு நொதியம் செய்கிறது. கழிவு 19 சதவீதம் குறைந்தது. 2010இல் அமெரிக்காவின் பசுமை இரசாயன விருதுகளில் ஒன்று அதற்குத்தான்.

கரும்புச் சக்கையிலிருந்து கரைப்பான் வருமாமே?
அம்பாறை

வரும். சக்கையை அமிலத்தோடு சூடாக்கினால் அதிலுள்ள பென்ரோஸ் சீனிகளிலிருந்து பேபியூரல் கிடைக்கும். அமெரிக்காவில் 1922இலேயே ஓட்ஸ் உமியிலிருந்து இதைத் தொழிலாகச் செய்தார்கள். அதற்கு ஐதரசன் ஏற்றினால் 2-மெதைல்ரெற்றாஐதரோபியூரன் என்ற கரைப்பான் வரும். நீருடன் அதிகம் கலக்காததால் பிரித்தெடுப்பது சுலபம். பல வேலைகளில் இருகுளோரோமெதேனுக்கு மாற்றாகும். ஹிங்குராணையில் கரும்பு இருக்கிறது, ஆனால் சீனி ஆலைக்குத் தன் பொயிலரை எரிக்கவும் சக்கை வேண்டும். போட்டி அங்கேதான். வாங்கினால் போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள். காற்றுப் பட்டால் வெடிக்கும் பெரொட்சைட்டு சேரும்.

பாடசாலையில் செலவில்லாமல் ஊக்கியைக் காட்ட ஒரு பரிசோதனை?
ஆசிரியை, திருக்கோவில்

மூன்று சோதனைக் குழாய், ஐதரசன் பெரொட்சைட்டு, ஒரு துளி சவர்க்கார நீர். ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு, அடுத்ததில் அவித்தது, மூன்றாவதில் சிட்டிகை மங்கனீசு ஈரொட்சைட்டு. நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்கவையுங்கள். அவித்த கிழங்கு சும்மா கிடக்கும். நொதியம் வெப்பத்தில் குலைந்ததைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பிறகு மங்கனீசு ஈரொட்சைட்டை வடித்து, உலர்த்தி, எடை பார்த்து, மறுபடி பாவியுங்கள். பல வகுப்புகளில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

வீட்டு மைக்றோவேவில் தாக்கம் செய்யலாமா?
பெயர் எழுதவில்லை

1986இல் வந்த முதல் ஆய்வுகள் வீட்டு மைக்றோவேவ் அடுப்பில்தான் நடந்தன. அதைப் பார்த்து நீங்கள் செய்யவேண்டாம். வெப்பநிலையை அளக்க வழியில்லை, கரைப்பான் ஆவிக்குப் பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் கதவு முகத்துக்கு வரும். ஆய்வுகூடத்துக்கென்று செய்த கருவி இருந்தால் மட்டும் பேசுவோம்.